அரியணைச் சொற்களும் அடுப்படிச் சுக்குநீரும்

தோட்டப்புறங்களில் இரவு வகுப்பு நடத்தச் செல்லும்போது நமக்குக் கிடைக்கும் கேள்விகள் நகரத்து மேடைகளில் கிடைப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ரப்பர்த் தோட்டம் ஒன்றின் சமூக மண்டபத்தில் தேசிய மொழி வகுப்பு நடந்துகொண்டிருந்தது. அறுபத்தைந்து வயதைக் கடந்த பெரியவர் ஒருவர் கடைசி விசிப்பலகையில் வாய் திறவாமல் அமர்ந்திருந்தார். பால்மரம் சீவியே முதுமை எய்தியவர். இந்நாட்டிலேயே பிறந்தவராயினும் பிறப்புப் பத்திரம் இல்லாமையால், சிவப்பு அடையாளக் கார்டுடனே காலம் கழித்தவர். குடியுரிமைக்கு விண்ணப்பித்து நேர்முகத் தேர்வுக்கும் ஒருமுறை சென்று வந்திருந்தார். நாட்டின் தலைவர் யார் என்று அங்கே மலாய் மொழியில் கேட்டிருக்கின்றனர். விடை அவருக்குத் தெரியும். மாமன்னரின் படம் பொறித்த நாட்காட்டியின் கீழேதான் அவர் நாள்தோறும் பாய் விரிக்கிறார். ஆயினும் அந்த நீண்ட பட்டப்பெயர் நாவில் ஏறவில்லை. மௌனமாக இருந்துவிட்டுத் திரும்பிவிட்டார்.

"அதெல்லாம் நம்ம வாயில நுழையிற சொல்லு இல்லீங்க சார்" என்றார் நம்மிடம்.

அன்றிரவு அவருடைய துணைவியார் வகுப்பினர் அனைவருக்குமாக ஒரு தூக்குச்சட்டி நிறையச் சுக்குக் காப்பி கொண்டுவந்திருந்தார். அதனைக் குவளைகளில் ஊற்றிக்கொண்டே அவர் ஒரு கேள்வி கேட்டார்: "இதுல காப்பித்தூளே கிடையாது. பெறகு ஏங்க சார் இதுக்குக் காப்பின்னு பேரு?"

அரசருக்குரிய பட்டம் பற்றியது ஒரு கேள்வி. அடுப்படிப் பானம் பற்றியது மற்றொன்று. இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் வினவக்கூடும். தொடர்பு உண்டு. இஞ்சியும் மிளகும் கிராம்பும் ஏற்றிச் சென்ற அதே மரக்கலங்கள்தாம் அரசர்களின் பட்டங்களையும் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு ஏற்றிச் சென்றன. அக்கப்பல்களில் தமிழரும் இருந்தனர். எனவே, வாயில் நுழையாது என்று பெரியவர் அஞ்சிய சொற்களிற் பல, உண்மையில் அவர் வீட்டுத் திண்ணையில் பிறந்து வளர்ந்த சொற்களுக்கு உறவினவே. அன்று நாம் கூறிய விடையைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறோம்.

தோட்டத்துப் பட்டங்கள்

பட்டங்கள் அரண்மனைக்கே உரியவை என்று எண்ணவேண்டா. நம் தோட்டங்களிலும் அவை நிரம்ப உண்டு. கங்காணி என்பது கண்காணிப்பவர் என்னும் தூய தமிழ்ச் சொல். தண்டல் என்பதும் தமிழே; மலாய் மொழியிலும் அது 'தண்டில்' என்று மேலாளைக் குறித்து வழங்கியுள்ளது. மண்டோர் என்பது கட்டளையிடுபவன் என்னும் பொருளுடைய போர்ச்சுகீசியச் சொல்லின் சிதைவு. இத்தனை நாட்டுச் சொற்களும் விடியற்காலைப் பெரட்டில் ஒரே வரிசையில் நின்றன. நின்றவர்கள் எவரும் அவற்றின் ஊர் பேர் கேட்டதில்லை.

அரச பட்டங்களின் கதையும் இத்தகையதே.

கல்லில் எழுதிய பட்டியல்

மலாய் மொழியின் மிகப் பழைய எழுத்துச் சான்றுகள் சுமத்திராவின் பாலெம்பாங் வட்டாரத்திலும் அதன் அருகேயும் கிடைத்த கல்வெட்டுகளாகும். ஸ்ரீவிஜயப் பேரரசின் காலத்தவை, கி.பி. 7-ஆம் நூற்றாண்டின் இறுதியில், தென்னிந்தியப் பல்லவ எழுத்து முறையில் பொறிக்கப்பட்டவை. அவற்றில் நாட்டுத் தலைவர்களைக் குறிக்க 'டாத்து' என்னும் சொல் வருகிறது. இது இம்மண்ணின் சொந்தச் சொல். இன்று நாம் கேட்கும் 'டத்தோ', 'டத்துக்' என்பன இதன் வழியினவே. மலாய்க் குடும்பங்களில் பாட்டனாரையும் 'டத்துக்' என்றே அழைப்பர். வீட்டுக்கு மூத்தவரின் பெயர் ஊருக்கு மூத்தவரின் பட்டமாயிற்று.

அக்கல்வெட்டுகளுள் தெலாகா பத்து என்னும் இடத்தில் கிடைத்தது ஒன்று நம் நெஞ்சைத் தொடுவது. அரசனுக்கு விசுவாசம் காட்டுவோம் என்று சூளுரைக்க வேண்டியவர்களை அது வரிசையாகக் குறிக்கிறது. ராஜபுத்திரர், சேனாபதி, தண்டநாயகர், நாயகர் என்று பெரியோர் வருகின்றனர். கூடவே கப்பல் தலைவர்களும் வணிகர்களும் அரண்மனைத் துணி வெளுப்போரும் ஏவலாட்களும் அதே கல்லில் இடம் பெற்றுள்ளனர். ஏறத்தாழ 1,300 ஆண்டுகளுக்கு முன் அரசாங்கம் என்பது யார் யாருடைய உழைப்பால் நின்றது என்பதை அக்கல் மறைக்கவில்லை.

அப்பட்டியலைப் படிக்கும் தமிழர் எவருக்கும் அதில் பாதிச் சொற்கள் பழகியவையாகவே இருக்கும். வடமொழிச் சொற்கள் தமிழுக்கும் வந்தன, மலாய்க்கும் வந்தன. இரண்டு மொழிகளும் ஒரே கிணற்றில் நீர் மொண்டன. ராஜா நம்மிடமும் ராஜா, அவர்களிடமும் ராஜா. சிங்காதனம் அங்கே 'சிங்கஹசானா'. மகுடம் 'மக்கோத்தா'. மந்திரி 'மெந்திரி'. அரசவையைக் குறிக்கும் ஆஸ்தானம், அரண்மனையைக் குறிக்கும் 'இஸ்தானா' ஆயிற்று. பரமேஸ்வரி என்னும் பெயருடைய பெண்கள் நம் தோட்டங்களில் லயத்துக்கு ஒருவரேனும் இருப்பர்; அரசியாரைக் குறிக்கும் 'பெர்மைசூரி' அச்சொல்லே. மாளிகை என்பதோ நேரே தமிழிலிருந்து 'மகளிகை' எனச் சென்றது என்பர் மொழி ஆராய்வோர். கப்பல் 'கப்பால்' ஆனதையும் கடை 'கெடை' ஆனதையும் சொல்லவே வேண்டியதில்லை.

பாதத்துத் தூளி

பட்டங்களுள் நாம் மிகவும் வியந்து நிற்பது 'டூலி' என்னும் சிறு சொல்லின் முன்புதான். மலாய் ஆட்சியாளர்களை 'டூலி யாங் மகா மூலியா' என்று குறிப்பிடுவதை வானொலியில் கேட்டிருப்பீர்கள். மாமன்னரைக் குறிக்கும்போது 'செரி படுக்கா பகிண்டா' என்பர். 'செரி' என்பது ஸ்ரீ, அதாவது திரு. 'படுக்கா' என்பது பாதுகை; காலணி. 'டூலி' என்பது தூளி, காலடிப் புழுதி!

அரசரைப் போய்க் காலணி என்றும் புழுதி என்றும் அழைப்பதா என்று வகுப்பில் ஒருவர் திடுக்கிட்டார். அவ்வாறன்று. அரசரை நேருக்கு நேர் நோக்கிப் பேசக் குடிமகன் நாணுகிறான். 'உம்முடைய பாதுகையிடம் பேசுகிறேன், உம் பாதத்தின் கீழுள்ள தூளியிடம் விண்ணப்பிக்கிறேன்' என்று தன் சொல்லைத் தாழ வைக்கிறான். நாளடைவில் அத்தாழ்மைச் சொல்லே அரசரின் பெருமைச் சொல்லாக மாறிவிட்டது. இராமனுடைய பாதுகையை அரியணையில் வைத்துப் பரதன் ஆண்ட கதை தெரிந்த நமக்கு இது புதிதன்று. பெரியோரைத் 'திருவடிகள்' என்று குறிப்பதும், அவர்முன் தன்னை 'அடியேன்' என்று சொல்லிக்கொள்வதும் நம் வழக்கு. மலாய் அரசர்முன் பேசுவோர் தம்மைப் 'பாத்தேக்' என்பர். அதன் பொருளும் அடியேன் என்பதே.

பண்டாரமும் துறைமுகமும்

மலாக்கா அரசு சுமார் 1400-ஆம் ஆண்டில் தோன்றியது. அதனை நிறுவியவர் பரமேஸ்வரா. நூறாண்டுகளுக்குள் அது கீழ்த்திசையின் பெருஞ்சந்தையாக வளர்ந்தது. சோழமண்டலக் கரையிலிருந்து துணி வந்தது. மலுக்குத் தீவுகளிலிருந்து கிராம்பும், பண்டா தீவுகளிலிருந்து சாதிக்காயும் வந்தன. வணிகம் பெருகப் பெருகப் பதவிகளும் பெருகின.

தலைமை அமைச்சர் 'பெண்டஹாரா' எனப்பட்டார். பண்டகசாலையை, அதாவது கருவூலத்தைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து இது வந்தது. நம் பண்டாரம் என்னும் சொல்லும் அதன் உடன்பிறப்பே. கஜானாச் சாவி யார் இடுப்பில் இருந்ததோ அவரே அமைச்சருள் முதல்வரானார். நகர்க்காவல் புரிந்தவர் தெமெங்கோங். கடற்படைத் தலைவர் லக்சமானா. அண்ணன் உறங்க, உறங்காது காத்த இலக்குவன் பெயர் அது. மலேசியக் கடற்படையில் இன்றும் அப்பட்டம் வழங்குகிறது. துறைமுக அதிகாரி ஷாபண்டார். பாரசீக மொழியில் துறைமுகத்து அரசர் என்று பொருள். மலாக்காவில் நான்கு ஷாபண்டார்கள் இருந்தனர். குஜராத்தியர்க்கு ஒருவர், தமிழகக் கரையினர், வங்காளத்தார், பெகுவினர், பாசையினர் ஆகியோர்க்கு ஒருவர், சாவகத்தார்க்கும் கீழைத் தீவினர்க்கும் ஒருவர், சீனர் முதலியோர்க்கு ஒருவர். வந்த வணிகர் தம் மொழி அறிந்தவரிடம் முறையிட வழி செய்த ஏற்பாடு இது. நேர்முகத் தேர்வில் நா எழாது திரும்பிய நம் பெரியவர் இதைக் கேட்டுச் சற்றே பெருமூச்சு விட்டார்.

மலாய் மக்களின் பெரு நூலாகிய செஜாரா மெலாயு, தமிழ் நாட்டிலிருந்து வந்து மலாக்காவில் குடியேறிய மணி புரிந்தான் என்பவரைப் பற்றிக் கூறுகிறது. அவர் மகள் அரசரை மணந்தார். அம்மகளுக்குப் பிறந்தவரே பின்னாளில் சுல்தான் முசாபர் ஷாவாக அரியணை ஏறினார். மணி புரிந்தானின் மகன் துன் அலி பெண்டஹாரா ஆனார். துன் அலியின் மகன் துன் முத்தாகிர் மீண்டும் அப்பதவியை அடைந்து, மிகுந்த செல்வமும் செல்வாக்கும் பெற்று, அதனாலேயே ஐயத்துக்கு ஆளாகி 1510-ஆம் ஆண்டில் அரச ஆணையால் உயிரிழந்தார்.

மறு ஆண்டே மலாக்கா போர்ச்சுகீசியர் கையில் வீழ்ந்தது. நம் நாட்டுக் கரையிலிருந்து வந்த வணிகரான நீனா சத்து என்பவர் அவர்களுக்கு உதவினார். கைம்மாறாகப் பெண்டஹாரா பட்டம் பெற்றார். அது நிலைக்கவில்லை. 1514-இல் அப்பட்டம் அவரிடமிருந்து எடுக்கப்பட்டுக் கம்பார் அரசருக்குக் கொடுக்கப்பட்டது. நீனா சத்து அந்த அவமதிப்பைத் தாங்கவில்லை. சிதை அடுக்கச் செய்து அதில் பாய்ந்து உயிர் துறந்தார். அந்நியருக்குத் துணை போனவர் என்று அவரைப் பழிப்போர் உண்டு. அப்பழியை நாம் மறுக்க வரவில்லை. ஒரு சொல்லைத் திரும்பப் பெற்றதற்காக ஒருவன் தீயில் இறங்கினான் என்றால், அச்சொல்லின் கனம் எத்தகையது என்பதையே இங்குக் கருதுகிறோம்.

சுல்தான் என்னும் சொல்

சுல்தான் என்பது அரபுச் சொல். முதலில் அது ஆளைக் குறிக்கவில்லை. அதிகாரம், ஆற்றல் என்னும் பண்பையே குறித்தது. பின்னரே அதிகாரம் உடையவரைக் குறிக்கலாயிற்று. இவ்வட்டாரத்தில் அதன் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று வட சுமத்திராவின் பாசை நகரில் உள்ள சுல்தான் மாலிக் அல்-சாலேயின் கல்லறை. அவர் மறைந்த ஆண்டு 1297. பாசை ஒரு மிளகுத் துறைமுகம் என்பதை மறந்துவிடக் கூடாது.

அரபு நாட்டு வணிகரும் குஜராத்தியரும் தமிழ் முஸ்லிம்களும் சென்ற வழியெல்லாம் அச்சொல் சென்றது. கிராம்பு மரம் முற்காலத்தில் வட மலுக்குத் தீவுகளைத் தவிர உலகில் வேறெங்கும் விளைந்ததில்லை. அத்தீவுகளுள் ஒன்றான தெர்னாத்தேயின் அரசர்கள் 'கொலானோ' என்னும் பட்டம் தாங்கியிருந்தனர். 1486-இல் அரியணை ஏறிய சைனால் அபிடின், கொலானோ என்பதை விடுத்துச் சுல்தான் எனப் பெயர் பூண்டார். கிராம்பு மேற்கே போயிற்று. பட்டம் கிழக்கே வந்தது.

நம் நாட்டில் பட்டம் மாறிய வரலாற்றுக்கு ஜொகூர் நல்ல சான்று. தெமெங்கோங் அபு பாக்கார் 1862-இல் தம் தந்தையை அடுத்துப் பொறுப்பேற்றார். 1868-இல் மகாராஜா ஆனார். 1885-இல் சுல்தான் என்று பிரிட்டிஷார் உடன்படிக்கை வாயிலாக ஏற்றனர். சாவகத்துப் பட்டம், வடமொழிப் பட்டம், அரபுப் பட்டம் ஆகிய மூன்றையும் ஒருவரே இருபத்து மூன்று ஆண்டுகளில் தாங்கிவிட்டார்! அவர் வழிவந்த சுல்தான் இப்ராகிம் 2024-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள் நாட்டின் 17-ஆவது மாமன்னராகப் பொறுப்பேற்றார்.

ஒன்பது மாநிலங்களுள் ஏழில் ஆட்சியாளர் சுல்தான் எனப்படுகிறார். பெர்லிசில் பழைய ராஜா பட்டமே நிலைத்துவிட்டது. மினாங்கபாவ் மரபைப் போற்றும் நெகிரி செம்பிலானில் அவர் யாங் டி-பெர்துவான் பெசார். 1957-இல் நாடு விடுதலை பெற்றபோது இவர்கள் அனைவருக்கும் தலைமையாக ஒரு பட்டம் வேண்டியிருந்தது. அதுவே நம் பெரியவரைத் தடுமாறச் செய்த அச்சொற்றொடர்.

அதனைக் கரும்பலகையில் துண்டு துண்டாக எழுதினோம். யாங்: எவரோ அவர். டி-பெர்-துவான்: துவானாக ஆக்கப்பட்டவர். அகோங்: பெரிய, உயர்ந்த. "துவான்னா என்னன்னு தெரியுமா ஐயா?" என்று கேட்டோம். "தெரியாம என்னங்க, ஆபீசுக்குப் போனா நாள் முழுக்க அதத்தான சொல்றோம்" என்றார். அவ்வளவுதான். பிறந்ததனாலேயே தலைவரானவர் என்று அச்சொல் கூறவில்லை. தலைவராக ஆக்கப்பட்டவர் என்று கூறுகிறது. ஒன்பது ஆட்சியாளர்கள் தம்முள் ஒருவரை ஐந்தாண்டுக் காலத்துக்குத் தேர்ந்தெடுக்கும் முறை அச்சொல்லுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கிறது.

இஞ்சி கண்ட நாடுகள்

இனி அம்மையாரின் கேள்விக்கு வருவோம்.

உலகில் சூடான காரப் பானங்கள் எத்தனையோ இருப்பினும், ஆசியாவில் அவற்றுட் பெரும்பாலானவற்றுக்கு இஞ்சியே அடிப்படை. மேலை மொழிகளில் இஞ்சிக்கு வழங்கும் பெயர் தமிழ் 'இஞ்சி வேர்' என்பதிலிருந்து கிளைத்தது என்று மொழியறிஞர் பலர் கொள்கின்றனர். வடமொழியில் அது சிருங்கவேரம் ஆயிற்று. கிரேக்கத்தில் சிங்கிபெரிஸ் ஆயிற்று. அரபியில் சஞ்சபீல் ஆயிற்று. திருக்குர்ஆனின் 76-ஆவது அத்தியாயத்தில், சுவர்க்கத்தில் நல்லோர்க்கு இஞ்சி கலந்த பானம் தரப்படும் என்ற குறிப்பு உள்ளது. அங்கு வரும் சொல் சஞ்சபீலே. நம் கொல்லையில் சாணக்குழிக்கு அருகே முளைத்துக் கிடக்கும் செடியின் பெயர் அத்துணைத் தொலைவு சென்றிருக்கிறது. மிளகுக்கு மேலை நாட்டார் வழங்கும் பெயரோ திப்பிலியைக் குறிக்கும் பிப்பலி என்னும் வடசொல்லின் வழியது. சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றையும் சேர்த்துத் திரிகடுகம் என்று நம் மருத்துவம் கூறும்.

அரபியில் 'ஷரிப' என்றால் குடித்தான். அதிலிருந்து பிறந்தது சர்பத். ஒரே சொல் ஊருக்கு ஊர் எப்படி வேடம் மாற்றும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று இல்லை. தமிழ் நாட்டுத் தெருக்களில் சர்பத் என்றால் நன்னாரியும் எலுமிச்சையும் கலந்த குளிர்பானம். மலாய் மொழியில் 'செர்பாட்' என்றால் இஞ்சி இட்ட சூடான பானம். சிங்கப்பூரில் இஞ்சித் தேநீர் விற்ற நம்மவர் கடைகளைச் 'சாராபாட்' கடைகள் என்றே அழைத்தனர். மேல்நாட்டுக்குச் சென்ற அதே சொல்லோ 'சிரப்' ஆகித் திரும்பி வந்து, இருமலுக்குத் தோட்டத்து டிரெஸ்ஸர் ஊற்றித் தரும் மருந்துப் புட்டியில் அமர்ந்துகொண்டது. இஞ்சித் தேநீரும் இருமல் மருந்தும் பெயரளவில் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

சாவகத் தீவில் சூடான பானத்தை 'வெடாங்' என்பர். இஞ்சி நீர் 'வெடாங் ஜாஹே'. மேற்குச் சாவகத்துச் சுண்டா மலைநாட்டில் இஞ்சியும் பனைவெல்லமும் பட்டையும் சேர்த்துக் காய்ச்சுவது 'பண்ட்ரெக்'. குளிர் மிகுந்த இரவுகளுக்கு உரியது. ஆயினும் நம் கட்டுரைக்கு மிகவும் பொருந்துவது ஜோக்ஜகார்த்தாவை அடுத்த இமோகிரிக் குன்றின் 'வெடாங் ஊவு'. அக்குன்றின் உச்சியில் மத்தாராம் அரசர்களின் கல்லறைகள் உள்ளன. 1613 முதல் 1645 வரை ஆண்ட சுல்தான் அகுங் அங்கேதான் துயில்கிறார். அவர் 1624-இல் சுசுஹுனான் என்னும் பட்டத்தை ஏற்றார்; தலைமேல் வைத்துப் போற்றத் தக்கவர் என்பது அதன் பொருள். அதுவும் போதாதென்று மக்காவுக்குத் தூது அனுப்பி, 1641-இல் சுல்தான் பட்டத்தைப் பெற்றார். அத்தகைய பெருமன்னர் உறங்கும் குன்றின் அடிவாரத்தில் விற்கப்படும் பானத்தின் பெயருக்குப் பொருள் என்ன தெரியுமா? 'ஊவு' என்றால் குப்பை! இஞ்சியுடன் கிராம்பிலை, சாதிக்காய் இலை, பட்டை இலை, செக்காங் என்னும் செஞ்சாயக் கட்டை எல்லாம் குவளைக்குள் அப்படியே மிதக்கும். பார்ப்பதற்குப் பெருக்கித் தள்ளிய சருகு போலவே இருக்கும். குடிப்பதற்கோ மணமும் இனிப்பும் இளஞ்சூடும் கொண்டது. மரத்திலிருந்து உதிர்ந்த இலைகள் மன்னரின் குவளையில் விழ, அவர் அதனை விரும்பிக் குடித்ததால் இப்பானம் உண்டாயிற்று என்று அவ்வூர் மக்கள் கதை சொல்வர். கதை எவ்வாறாயினும் ஆகுக. தலைமேல் வைக்கும் பட்டமும் குப்பை என்னும் பெயரும் ஒரே குன்றில் ஒன்றையொன்று வெட்கப்படுத்தாமல் வாழ்கின்றன.

இப்போது சுக்குக் காப்பி. காப்பி என்பது அரபியின் 'கஹ்வா'. 15-ஆம் நூற்றாண்டில் ஏமன் நாட்டுச் சூஃபி அடியார்கள் இரவு வழிபாட்டில் கண் விழித்திருக்க அதனைக் குடித்தனர். பிற்காலத்தில் அது நம் வீடுகளில் புகுந்து காலைப் பானத்துக்கே பொதுப்பெயர் போல ஆகிவிட்டது. அதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே நம் பாட்டிமார் கஷாயம் என்றும் சுக்குநீர் என்றும் காய்ச்சி வந்தது, புதிய பெயரை மேலே போர்த்திக்கொண்டு சுக்குக் காப்பி ஆயிற்று. தெமெங்கோங் மகாராஜா ஆனதுபோல என்று சொன்னோம். அம்மையார் வாய்விட்டுச் சிரித்தார்.

அவர் சொன்ன பக்குவத்தையும் எழுதிவிடுகிறோம். விரல் நீளச் சுக்கு ஒன்றைத் தட்டி மேல்தோலைப் போக்கவேண்டும். இரண்டு கரண்டி தனியா, பத்து மிளகு, இரண்டு ஏலக்காய் ஆகியவற்றை எண்ணெயின்றி வறுத்து, சுக்குடன் சேர்த்து ஒன்றிரண்டாக இடிக்கவேண்டும். நான்கு குவளை நீரில் இட்டு, மூன்றாகச் சுண்டும்வரை சிறு தீயில் காய்ச்சி, கருப்பட்டி சேர்த்து வடிகட்டவேண்டும். கருப்பட்டி கிடைக்காத இடத்தில் மலாக்கா வெல்லம் போதும். மலாய் அண்டை வீட்டார் பண்டான் இலை ஒன்றை முடிந்து போடச் சொல்லிக் கொடுத்ததாகவும், அதுமுதல் அதனை விட்டதில்லை என்றும் அவர் கூறினார். ஒரு புட்டி சம்சுவுக்குக் கொடுக்கும் காசில் ஒரு மாதத்துக்கு வேண்டிய சுக்கும் தனியாவும் வாங்கலாமே என்று நாம் இடையில் சொல்லிவைத்தோம். கடைசி விசிப்பலகையில் இருவர் தலை கவிழ்ந்தனர். பெண்கள் பக்கம் சிரிப்பொலி எழுந்தது.

பெரியவர் அதன்பின் ஐந்து வகுப்புகளுக்குத் தவறாமல் வந்தார். ஒவ்வொரு முறையும் மலாய்ச் சொல் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, இது நம்முடையதா, வடமொழியா, அரபியா என்று கேட்பார். சில சொற்களுக்கு விடை சொல்ல இயலாமல் அகராதியைப் புரட்டினோம். 'ராக்யாட்' என்னும் சொல்லைக் கேட்டார். குடிமக்கள் என்று பொருள், அரபுச் சொல். ரயத்து என்று தமிழ் நாட்டில் உழவரைக் குறித்ததும் அதுவே என்றோம். "அப்ப எங்க தாத்தாவும் ராக்யாட்தான்" என்றார்.

இரண்டாம் முறை நேர்முகத் தேர்வுக்குச் சென்றபோது அதே கேள்வி வரவில்லையாம். மாநிலத்தின் பெயரையும் ஆட்சியாளரின் பட்டத்தையும் கேட்டிருக்கின்றனர். சொல்லிவிட்டு, கேட்காமலே மாமன்னரின் பட்டத்தையும் முழுமையாகச் சொல்லியிருக்கிறார். அதிகாரி சிரித்துவிட்டாராம்.

நீல அடையாளக் கார்டு வருவதற்கு மேலும் நெடுங்காலம் ஆயிற்று. வந்தபின் அதனை ஒரு கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு, நாம் வேறொரு வேலையாக அத்தோட்டத்துக்குச் சென்றிருந்த நாளில் தேடி வந்து காட்டினார். அவருடைய விரல் படத்தின்மீதோ பெயரின்மீதோ நிற்கவில்லை. கார்டில் பொறித்திருந்த 'வார்கா நெகாரா' என்னும் சொல்லின்மீது நின்றது. குடிமகன் என்று பொருள்.

"இத நீங்க சொல்லித் தரல. நானே பிரிச்சுப் பாத்தேங்க சார். வர்க்கம். நகரம். இல்லீங்களா?"

ஆம் என்றோம். அவர் துணைவியாரின் கார்டு அன்றும் சிவப்பாகவே இருந்தது. அவருக்கு நேர்முகத் தேர்வு அடுத்த மாதம். அடுப்பில் சுக்கு கொதித்துக்கொண்டிருந்தது. அம்மையார் அருகில் நின்றவாறே பெர்மைசூரி, பெர்மைசூரி என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தார்.